ரிங்லெட் நாட்குறிப்பு: ஸ்ட்ராபெரிக் கொட்டகைகளும் ஒரு 555 புத்தகமும்

நவம்பர் 13, வியாழன்: தாப்பாவிலிருந்து மேலே

மலேசியாவின் கேமரன் மலை அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில் வெயில் கொளுத்தியது. பழைய மலைச்சாலையில் ஏறும் பேருந்தில் முன்பக்க இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பின்னால் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு லாத்தா இஸ்கந்தார் அருவி வருவதற்குள்ளேயே பை தேவைப்பட்டது. ஓட்டுநர் பழக்கப்பட்டவர். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. யார் முகம் வெளுக்கிறதோ அவருக்கு ஒன்றைப் பின்னால் அனுப்பிவிடுகிறார், பேச்சே கிடையாது. அருவியோரக் கடைகளில் ஓராங் அஸ்லிப் பூர்வகுடிப் பெண்கள் பெத்தாய் அவரையும் தேனும் விற்கிறார்கள். பெத்தாய் ஒரு கட்டு 10 வெள்ளி (ரிங்கிட்). பேரம் பேசியவரைப் பார்த்து அந்த அம்மா சிரித்தாரே தவிர, விலை ஒரு சென் இறங்கவில்லை.

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் ரிங்லெட்டில் இறங்குவது குறைவு. தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ நேராகப் போய்விடுவார்கள். ஒரு கடைத்தெரு, ஒரு சந்தை, மண் அப்பிய லோரிகள், அவ்வளவுதான் ஊர். பக்கத்தில் ஹாபுவில் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அந்த லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கொழுந்து எடுப்பதில்லை. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் எடுக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சில, அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று கிடைத்த நிலத்தில் காய்கறி போட்டு, பிறகு ஸ்ட்ராபெரிக்கு மாறின.

அந்தக் குடும்பங்களுக்குக் காலமெல்லாம் துணையாக இருந்துவரும் ஒரு பெரியவரின் வேலையைக் கூட இருந்து பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணம். லயத்தில் பிறந்தவர், விவசாய இலாகாவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குள் ‘பெர்த்தானியான் ஐயா’ (விவசாய ஐயா) என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

மாலை மழை விடவே இல்லை. மளிகைக்கடைச் சீனத் தவுக்கே நல்ல தமிழ் பேசுகிறார். “மழக்கோட்டு ஆறு வெள்ளி. வாங்காட்டி மருந்து அறுவது வெள்ளி.” வாங்கியாயிற்று. இராச்சாப்பாடு இரண்டு தோசை, ஒரு தே தாரே, மொத்தம் 6 வெள்ளி 20 சென். சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல், அந்தக் குளிருக்கு அது குறையாகத் தெரியவில்லை. தங்கிய அறையில் சுடுநீர் என்று எழுதியிருந்த குழாயில் மலைத்தண்ணீர்தான் வந்தது.

நவம்பர் 14, வெள்ளி: ஹாபு பக்கத்துக் கொட்டகைகள்

ஏழு மணிக்கே ஐயாவின் கப்சாய் மோட்டார்சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஐயாவின் தோள்பையில் இருப்பவை: தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டர், புளிப்புத்தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டர், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், வளைந்த கத்தி, ஸ்பிரிட் பாட்டில், ஒரு 555 புத்தகம். மளிகைக் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம்தான். இதில் கடனுக்குப் பதில் தோட்டவாரியாக எண்கள்.

முதல் கொட்டகை ஒரு தமிழ்க் குடும்பத்துடையது. இடுப்பளவு உயரத்தில் இரும்பு மேசை, அதன்மேல் தொட்டிகளில் மண்ணுக்குப் பதில் தேங்காய் மட்டைத் தூளான கொக்கோபீட், மேலே மழையைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரை. செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஐயா செடியைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கடியில் குனிந்து, வடிகிற தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்தார். இ.சி. மீட்டரில், உரத்தொட்டியிலிருந்து போகும் தண்ணீர் 1.3. வடியும் தண்ணீர் 2.1.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணே போதும். ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காத செடி. இந்த மலையில் உரத்தண்ணீர் 1.0லிருந்து 1.5க்குள், பி.எச். 5.5லிருந்து 6.2க்குள் இருந்தால் நிம்மதி. விட்ட தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது கீழே வடிய வேண்டும். வடிநீரின் இ.சி. விடுகிற தண்ணீரைவிட 0.5க்கு மேல் ஏறினால், வேரைச் சுற்றி உப்புத் தங்குகிறது என்று பொருள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று நேரத்தைக் குறைத்திருந்தார்கள். வடிநீர் 1.5க்கு இறங்கும்வரை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். அதன்பின் ஒரே தடவையில் ஊற்றாமல் நாளைக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். புத்தகத்தில் தேதியோடு எழுதிக்கொண்டார். மீட்டரையும் மாதம் ஒருமுறை இ.சி. 1.413 என்று தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்கிறார். சரிபார்க்காத மீட்டர் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

புதுக் கொக்கோபீட்டிலும் இதே உப்புத் தொல்லை உண்டு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. வடிநீர் 0.5க்குக் கீழே வரும்வரை அலசிவிட்டு, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து, மறுபடி அலசிய பிறகே நட வேண்டும். அலுத்துப்போய் இதை விட்டவர்கள் முதல் மாதமே இலை ஓரம் கருகிப்போய் வந்து நிற்பார்கள்.

அடுத்த கேள்வி வீட்டுக்கார அம்மாவிடமிருந்து. குருத்து இலையின் நுனி கருகுகிறது, கால்சியம் போட்டும் தீரவில்லை. ஐயா கூரையின் பக்கத் திரையைக் காட்டினார். மழைக்குப் பயந்து பகலிலும் இறக்கியே வைத்திருந்தார்கள். கால்சியம் இலைக்கு ஏறுவது தண்ணீரோடுதான். உள்ளே ஈரப்பதம் நிறைந்திருந்தால் இலை ஆவி விடாது, தண்ணீர் ஏறாது, தொட்டி நிறையக் கால்சியம் இருந்தும் குருத்துக்குப் போய்ச் சேராது. “காலைல எட்டு மணிக்குத் தெரைய ஏத்திடுங்கம்மா. மழை பெரிசா வந்தா மட்டும் எறக்குங்க.”

திரையை ஏற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாம்பல் பூசணம். அது பழத்தில் தெரிகிறது என்று பழத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் அதிகம். உண்மையில் பூ விரிந்திருக்கும்போதே ஈரத்தில் உள்ளே போய், பழம் நிறம் ஏறும்வரை பதுங்கி இருந்து, பெட்டியில் அடுக்கியபின் வெளியே வருகிறது. அப்போது அடித்துப் பயன் என்ன? வாடிய இதழையும் காய்ந்த இலையையும் இரண்டு நாளுக்கொருமுறை கிள்ளி எடுத்து, கீழே போடாமல் பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். பூவின்மேல் ஈரம் நிற்க விடக்கூடாது. இந்த இரண்டையும் செய்கிற கொட்டகையில் மருந்துச் செலவு பாதியாவது குறையும் என்கிறார் ஐயா.

இரண்டாவது இடத்தில் ஒரு இளைஞர். “ஐயா, பழம் ஒரு பக்கம் வளைஞ்சி வளைஞ்சி வருது. உரம் பத்தலயா?” ஐயா ஒரு கோணல் பழத்தைப் பறித்து லென்ஸோடு என் கையில் தந்தார். சதை பருத்த பக்கத்தில் விதைகள் தடித்து, இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கின்றன. சப்பிய பக்கத்தில் பொடிப்பொடியாக, நெருக்கியடித்துக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாத பதர். ஒவ்வொரு விதையும் கருவுற்றால்தான் தன்னைச் சுற்றியுள்ள சதையை வளர்க்கும் சுரப்பைத் தரும். மழைநாளில் பிளாஸ்டிக் கூரைக்குள் தேனீ வருவதில்லை. உரம் கூட்டினால் கோணல் நிமிராது. மதியத்துக்கு முன், பூ காய்ந்திருக்கும் நேரத்தில், மெல்லிய வண்ணத்தூரிகையால் பூவின் நடுவே வட்டமாக ஒரு சுற்று. இல்லையென்றால் கையில் பிடிக்கும் காற்றூதியால் வரிசை நெடுக ஊதலாம். இளைஞர் நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டார். ஐயா வற்புறுத்தவில்லை; பத்துச் செடிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டிவிட்டு, “இதுக்கு மட்டும் செஞ்சி பாருங்க தம்பி, அஞ்சு வாரத்துல தெரியும்” என்றார். பூவிலிருந்து பழத்துக்கு இங்கே ஏறக்குறைய அவ்வளவு நாள்தான்.

மூன்றாவது, ஒரு சீனரின் தோட்டம். அங்கே நடந்திருந்தது கேட்டுக் கேட்டுப் புளித்த விபத்து. புதிதாக வந்த தொழிலாளி ஏ உரத்தையும் பி உரத்தையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்கிவிட்டார். ஏ பக்கம் கால்சியம் நைட்ரேட், பி பக்கம் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகச் சேர்ந்தால் வெள்ளைச் சேறாகக் கீழே படியும். சொட்டு ஊசிகள் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டன. பாஸ்பேட் படிவு அமிலத் தண்ணீருக்குக் கரையும். சல்பேட் படிவு அசையாது, ஊசியை மாற்ற வேண்டியதுதான். ஐயா திட்டவில்லை. ஏ தொட்டிக்குச் சிவப்பு மூடி, பி தொட்டிக்கு நீல மூடி, ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு அளவுக்குவளை, கயிற்றில் கட்டியது. முதலில் பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பு, பிறகு ஏ, கலக்கு, பிறகு பி. எழுத்தில்லாத பாடம், எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அந்தத் தொழிலாளி மூன்று முறை செய்துகாட்டிய பிறகே கிளம்பினோம்.

மதியச் சாப்பாடு முதல் கொட்டகை வீட்டில். ஆவி பறக்கும் சோறு, முள்ளங்கி சாம்பார், கங்கோங் பிரட்டல், பொரித்த கருவாடு. விருந்தாளிக்கென்று ஒரு முட்டை கூடுதல். வேண்டாம் என்றால் அந்த அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

அதே நாள், மாலை: ஐயாவின் வலைக்கூடம்

இந்தப் பயணத்தில் எதிர்பாராதது இதுதான். அவர் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி வலைக்கூடம். வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தட்டு, செருப்பை நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே தாய்ச்செடிகள். பழம் ஒன்றுகூடக் கிடையாது, பூ வரவர அவர் மனைவி கிள்ளிப் போட்டுவிடுகிறார். அப்போதுதான் செடியின் தெம்பெல்லாம் குட்டிச்செடி விடும் ஓடுகொடிக்குப் போகும்.

கொடியின் முதல் இரண்டு குட்டிகளை மட்டும் எடுக்கிறார். சின்னக் கோப்பையில் கொக்கோபீட், அதன்மேல் குட்டியை வைத்து, வளைத்த கம்பியால் மெல்லக் குத்தி நிறுத்தி, ஈரம் காயாமல் மூன்று நான்கு வாரம். வேர் பிடித்ததும் கொடியை வெட்டிவிடலாம். நடும்போது, வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதி மண்மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் வேர் காயும். விரல் நக அளவு தவறினாலும் தப்பாது.

காய்த்து ஓய்ந்த செடியின் கொடியிலேயே குட்டி எடுத்தால் காசு மிச்சம்தான், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கூடவே சிலந்திப்பேனும் கழுத்தழுகலும் இலவசமாக வந்துவிடும். வாடிய செடி ஒன்றை ஐயா நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தால் தண்ணீர்க் கோளாறு, காப்பாற்றலாம். இதில் செம்பழுப்புத் திட்டு கழுத்துவரை ஓடியிருந்தது. அந்தச் செடி பையில் போய்விட்டது, கத்தி ஸ்பிரிட்டில் போய்விட்டது.

குட்டி ஒன்றுக்கு ஒரு வெள்ளி. காசு அவருக்கில்லை, மைலோ தகரத்துக்கு. தகரம் நிறைந்தால் 25 கிலோ கால்சியம் நைட்ரேட் மூட்டையாக வாங்கி நாலு வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். சில்லறையாக வாங்கினால் கட்டாது. விவசாயிக்கு உதவி என்று மேடை போட்டு எவ்வளவோ பேசுகிறோம். சுத்தமான நாற்றைக் கையில் கொடுப்பதற்கு ஈடாக நான் வேறெதையும் பார்த்ததில்லை.

நவம்பர் 15, சனி: ஜாம் அடுப்பும் பிரிஞ்சாங் நெரிசலும்

காலையில் லயத்துப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஜாம் அடுப்பு. பொடிப்பழமும் கோணல்பழமும் கடைக்குப் போகாது, இங்கே வரும். காம்பு நீக்கிய பழம் 5 கிலோ, சீனி 3.5 கிலோ, லிமாவ் (எலுமிச்சை) சாறு 150 மில்லி. ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு, சாறு இல்லாமல் இறுகாது. முதல் இரவே பழத்தையும் சீனியையும் பிரட்டி வைத்துவிடுகிறார்கள். பழம் முழுசாக நிற்க அதுதான் வழி.

ஆரம்பத்தில் இவர்களுடைய ஜாம் கறுத்துப்போய் மிட்டாய் மாதிரி இழுக்குமாம். புத்தகத்தில் 105 பாகை வரும்வரை காய்ச்சு என்று போட்டிருந்தது. அது கடல்மட்டத்துக்கு எழுதிய கணக்கு. ரிங்லெட் 1,100 மீட்டருக்கு மேல். தண்ணீரே இங்கே 96 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும். ஐயா சொல்லிக்கொடுத்த முறை சுலபம்: அன்றன்று வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியைப் பார், அந்த எண்ணோடு நாலரை கூட்டு, அங்கே அடுப்பை அணை. இன்று 100.5இல் இறக்கினார்கள். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் தோல் சுருங்குகிறது. பதம் சரி. பாட்டிலைக் கொதிநீரில் வைப்பதும் பத்து நிமிடத்துக்குப் பதில் கால் மணி. அகலப் பாத்திரம், ஒரு தடவைக்குக் கொஞ்சப் பழம் மட்டும் காய்ச்சுவது, இந்த இரண்டும் நிறத்தைக் காப்பாற்றுகின்றன. ரொட்டியில் தடவி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கடை ஜாமில் இல்லாத புளிப்பு.

பதினோரு மணிக்கு மேலே கிளம்பியது சோதனை. சனிக்கிழமை பிரிஞ்சாங் சாலையைப் பற்றித் தெரிந்தவர்கள் சனிக்கிழமை பிரிஞ்சாங் போக மாட்டார்கள். தானா ராத்தாவைத் தாண்டியதும் வண்டிகள் நின்றன. ஒரு மணி நேரம் நகரவே இல்லை. பக்கத்துக் காரிலிருந்த மலாய்க்காரக் குடும்பம் சன்னல் வழியே பொரித்த வாழைப்பழம் நீட்டியது. கியா பார்மில் அவித்த சோளம் 4 வெள்ளி, சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரிக் குச்சி 6 வெள்ளி, நாமே பறிக்கும் தோட்டத்தில் அரை கிலோ 30 வெள்ளி. அங்கே பிள்ளைகள் பழத்தைப் பிடித்து இழுக்கிறார்கள், செடியே ஆடுகிறது. காம்பை விரலிடுக்கில் வைத்து, பழத்துக்கு ஒரு விரற்கடை மேலே நகத்தால் கிள்ள வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த 30 வெள்ளியில் பாதிக்கும் கீழேதான் ரிங்லெட் கொட்டகைக்காரர்களுக்கு வியாபாரி தருகிறார். சாலையோரத்தில் நிலம் இருப்பவருக்கு ஒரு விலை, பள்ளத்தில் இருப்பவருக்கு ஒரு விலை.

நாலு மணிக்கு மழை. ஆறு ரிங்கிட் மழைக்கோட்டின் கை கிழிந்துவிட்டது. தவுக்கே சொன்ன அறுபது வெள்ளி ஞாபகம் வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு: காகித வேலை

ஐயாவின் ஐந்தடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நவம்பர் பிறந்தாலே இந்தக் கூட்டம்தான். டி.ஓ.எல். என்கிற தற்காலிக நில உரிமம், எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமக்காரர் இறந்தால் அதுவும் அன்றே முடிந்தது, மகனுக்குத் தானாக வராது. வங்கியில் வைத்துக் கடன் கேட்கவும் உதவாது. ஒரு வருட உரிமத்தில் யார் இரும்பு மேசை போட்டுப் பத்து வருடக் கூரை கட்டுவார்கள்? பலகையும் மூங்கிலுமாகக் கொட்டகைகள் நிற்பதற்குச் சோம்பல் காரணமில்லை.

படிவங்கள் மலாயில். வாய்ப்பேச்சு மலாய் எல்லாருக்கும் வரும், படிவ மலாய் வேறு. ஐயா கேட்டுக் கேட்டு நிரப்புகிறார், பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பேத்தி நகல் எடுக்க வேண்டியதை அடுக்குகிறாள். கணவரை இழந்த ஒரு அம்மா, உரிமம் அவர் பெயரிலேயே கிடக்கிறது என்று மெல்லச் சொன்னார். ஐயா பேனாவை வைத்துவிட்டு, இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய ரசீதுகள், நிலத்தின் வரைபடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “திங்கக்கெழம காலைல நானும் வர்றேன், தனியா போகாதம்மா” என்றார். புது விண்ணப்பம்தான் போட வேண்டும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

நடுவே சரிவு நிலத்துக்காரர் ஒருவரோடு வாக்குவாதம். மண்ணை வெட்டிச் சமன்படுத்திவிட்டு ஓரத்தைத் திறந்தே விட்டிருக்கிறார். ஐயா குரல் உயர்த்தியதை அப்போதுதான் கேட்டேன். வெட்டிய மண் மழையில் ஓடிக் கீழே உள்ள சுல்தான் அபு பக்கார் அணையில்தான் போய்ச் சேருகிறது. 2013 அக்டோபரில் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. ஓரத்தில் வெட்டிவேர்ப் புல் இரண்டு வரிசை, வடிகாலுக்கு ஒரு மண்பிடி குழி, குழியை மாதாமாதம் அள்ளுவது. இது முடிந்த பிறகு வந்தால் நாற்று, அதற்கு முன் கிடையாது. அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். போய்ச் செய்வார் என்றுதான் ஐயாவின் மனைவி சொல்கிறார். நாற்று வேறெங்கும் இந்த விலைக்குக் கிடைக்காதாம்.

இறங்கும் பேருந்து முக்கால் மணி தாமதம். நிறுத்தத்தில் வடை விற்கும் அக்கா மூன்று பருப்பு வடை 2 வெள்ளிக்குத் தந்து, உட்கார முக்காலியும் போட்டார்.

பழம் வாங்கிக் கீழே கொண்டுபோகிறவர்களுக்கு: காலையில் பறித்ததை மட்டும் வாங்குங்கள். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது, எனவே தோள்பட்டை வெளுத்ததை ஒதுக்குங்கள். பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஈரமோ சாறோ தெரிந்தால் வேண்டாம். கழுவாமல், காம்போடு, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள், கழுவுவது சாப்பிடும்போது. ஐஸ் பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் ஐஸின் மேல் நேராக வைத்தால் பட்ட இடம் உறைந்து கூழாகிவிடும். நடுவில் நாலு மடிப்பு செய்தித்தாள் போடுங்கள்.